உளையில் இறங்கிய டிராக்டரும் ஆத்தாளின் வடமும்

திருப்பனந்தாள் சாலையில் இருக்கிற பட்டறை என்னுடையது. உழவு வண்டி, அறுப்பு வண்டி, எது மடங்கிப் படுத்தாலும் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பட்டறைக்குப் பின்னால் நிற்கிற மாடி வீடும் என்னுடையது. அதன் அஸ்திவாரத்தில் பாதியை என் கையாலேயே தோண்டினேன். எங்கள் தெருவுக்குக் கார் நுழைகிற மாதிரி ரோடு வந்ததும் என்னால்தான். ஆபீஸ் ஆபீஸாக நடந்து செருப்பு தேய்ந்தது எனக்கு, கல்வெட்டில் பெயர் வந்தது வேறொருவருக்கு. பெரியவள் நர்சு, அடுத்தவள் டீச்சர், மூன்றாவது பையன் இஞ்சினியர், கடைசிப் பையன் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் இருக்கிற சிமெண்டு மண்டபத்துக்கு மணல் அடித்தது என் டிராக்டர். இத்தனையையும் செய்தவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் பிழை திருத்தித் தருகிறாள். பிழையை மட்டும் திருத்து, என்னைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவும் தொடங்கிய இடம் ஒரு சேறு. அதைப் பற்றி எங்கள் ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நடந்ததைச் சொல்ல இப்போது மிச்சம் இருப்பவன் நான்தான்.

அப்போது ஆட்சி மாறிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மேடைக்கு மேடை நல்ல தமிழ் கேட்டது. எங்களைப் போன்ற ஆட்களை 'தோழர்' என்றும் 'உடன்பிறப்பு' என்றும் கூப்பிட இரண்டு பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் வயலில் நிம்மதி இல்லை. கூலிக்காகச் சங்கம் ஒரு பக்கம் நின்றது, மிராசுதார்கள் ஒரு பக்கம் நின்றார்கள். உள்ளூர் ஆள் வேலைக்கு வராவிட்டால் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறங்கும். கிழக்கே ஓர் ஊரில் குடிசையோடு ஆட்களைக் கொளுத்திய கொடுமையைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் தெருப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்ட காலம்.

நான் பண்ணையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகி நாலு பிள்ளைகள், கடைசிப் பையன் கைக்குழந்தை. குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. குடியிருக்கிறவனுக்கே மனை என்று பின்னால் சட்டம் வந்தது உண்மைதான். நான் சொல்கிற நாளில் மிராசுதார் 'போ' என்றால் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எங்கே போவது என்பது அவன் அவன் பாடு.

ஒரு கோடையில் பண்ணைக்கு டிராக்டர் வந்தது. வந்த மறுவாரமே உழவு மாடுகளை ஒவ்வொரு ஜோடியாக ஓட்டிப் போய் விற்றுவிட்டார்கள். நான் ஓட்டிய ஜோடி கடைசியாகப் போனது. அதில் இடப்பக்கம் பூட்டுகிற மாடு மயிலை. அது போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், நாளையிலிருந்து பிள்ளைகளுக்கு என்ன வழி என்று.

அந்த மாதங்களில்தான் எனக்கு வேண்டுதல் பழக்கம் பிடித்தது. அதற்கு முன்னால் திருவிழாவுக்குத் திருவிழா கும்பிடுவதோடு சரி. அப்போது எங்கள் மாரியம்மன் ஓட்டுக் கூரைக்குக் கீழே இருந்தாள். வேலை இல்லாதவனுக்குக் காலை என்ன, மத்தியானம் என்ன, அவள் முன்னால் போய் நின்றுவிடுவேன். கற்பூரம் வாங்க வழி இல்லை. வெறும் கையைக் கூப்பி, 'ஆத்தா, நாலு பிள்ளை' என்பேன். சொல்லிவிட்டு வாய்க்கால் வரை போவேன். சரியாகச் சொன்னோமா, நாலு என்றோமா மூணு என்றோமா என்று சந்தேகம் வந்துவிடும். திரும்பி வந்து மறுபடியும் சொல்வேன். ஒருநாள் இப்படி மூன்று தடவை திரும்பி வந்ததை என் வீட்டுக்காரி தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் பார்த்துவிட்டாள்.

"ஒரு தடவ சொன்னா ஆத்தாளுக்குக் கேக்காதா? அவ என்ன செவிடா?"

"கேட்டிருந்தா இந்நேரம் ஏதாவது செஞ்சிருப்பால்ல."

"நீங்க வேண்டிக்கிறீங்களா, கடன்காரன் மாதிரி வாசல்ல நிக்கிறீங்களா? பாரத்த அவ மேல போட்டாச்சுன்னா கைய எடுக்கணுங்க."

அவளுக்கு அது முடியும். காலையில் ஒரு தடவை மஞ்சள் துண்டை அம்மன் காலடியில் வைத்துக் கண்ணை மூடுவாள். அதோடு வயல் நண்டு பிடிக்கப் போய்விடுவாள், கீரை பறிக்கப் போய்விடுவாள். பிள்ளைகளுக்கு எதையாவது ஆக்கிப் போட்டுவிட்டுப் படுத்தால் தூங்குவாள். எனக்குக் கையை எடுக்கத் தெரியாது. எடுத்தால் விழுந்துவிடும் என்று பயம்.

இரண்டு வாரம் கழித்துப் பண்ணைக் காரியஸ்தர் ஆள் அனுப்பினார். பட்டணத்திலிருந்து வந்த டிரைவர் எங்கள் ஊர்க் கொசுக்கடியும் தெருவில் விழுந்த வசவும் தாங்காமல் ஓடிப்போய்விட்டானாம். காரியஸ்தர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

"ஒனக்கு வாயி கொஞ்சம் நீளம். ஆனா கை சுத்தம். வண்டி ஓட்டக் கத்துக்கிறியா? மாசத்துக்கு இவ்வளவு அரிசின்னு வீட்டுக்கு வந்துரும். வேல இருந்தாலும் இல்லாட்டியும்."

என் காதில் 'அரிசி' என்பது மட்டும்தான் விழுந்தது. சரிங்க என்றேன். தஞ்சாவூரிலிருந்து மெக்கானிக் ஒருவர் சொல்லித்தர வந்தார். பத்து நாள் ஆகும் என்றார். நான் நாலு நாளில் கிளட்ச், கியர் எல்லாம் பிடித்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் அவரை உட்காரவைத்து நான் ஓட்டினேன். 'எங்கய்யா படிச்ச?' என்று கேட்டார். 'மாட்டுகிட்ட' என்றேன்.

அரிசி வீட்டுக்கு வந்தது. கேட்டதற்குக் கிடைத்த பதில் இதுதான் என்று நம்பினேன். ஆத்தாள் காதில் விழுந்துவிட்டது என்று நிம்மதியாக ஒருநாள் தூங்கினேன். ஒரே ஒரு நாள்.

மறுநாளிலிருந்து தெரு என்னோடு பேசவில்லை. டிராக்டர் இறங்கினால் ஏர் ஓட்டுகிறவனுக்கு வேலை இல்லை. அதை ஓட்டக் கூடாது என்று சங்கத்தில் முடிவெடுத்திருந்தார்கள். சங்கத்துக்கு எங்கள் தெருவில் தலைவராக இருந்தவர் வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரியின் அண்ணன்தான். என் மச்சான். வாட்டசாட்டமான ஆள். சாமி கும்பிட மாட்டார். திருநீறு பூசினவனைக் கண்டால் 'நெத்தியில என்ன, சுவத்துக்கு அடிச்சது போக மிச்சமா?' என்று கேட்பார். அவர் என்னை வாய்க்கால் கரையில் மடக்கினார்.

"மாப்ள, ஒரு வண்டி எத்தன ஏரத் திங்குதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் மச்சான். மொதல்ல தின்னது என் ஏரத்தான்."

"தின்னது மேலயே ஏறி ஒக்காந்திருக்க."

"கீழ நின்னா எம்புள்ளைங்க என்ன திங்கும்?"

"எல்லார் வீட்டுலயும் புள்ளைங்கதான் இருக்கு. நாங்க என்ன கோழியா வளக்குறோம்?"

வாய் நீளம் என்று பெயர் வாங்கியவன் தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டி நடந்தேன். வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரி அடுப்பு பற்றவைக்கப் பக்கத்து வீட்டில் நெருப்பு கேட்டுக் கிடைக்காமல் திரும்பி வந்திருந்தாள். அரிசி இருந்தது, நெருப்பு இல்லை. மறுபடியும் அம்மன் முன்னால் போய் நின்றேன். 'நான் கேட்டேன், நீ கொடுத்தாய். கொடுத்தது நீதானே? இல்லை அந்தக் காரியஸ்தரா?' என்றேன். சாமி கொடுத்ததற்கும் மனிதன் கொடுத்ததற்கும் அடையாளம் எப்படிக் கண்டுபிடிப்பது? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆடி வந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலில் நாற்று கருகருவென்று நின்றது. பண்ணையின் பெரிய வயலை உழுது சேறாக்கினால் நடவு தொடங்கலாம். சங்கம் நடவுக்கு வரமாட்டோம் என்றிருந்தது. வெளியூர் ஆட்கள் இரண்டு லாரியில் வரப்போகிறார்கள் என்று பேச்சு. என்னை விடியும் முன்னே கிளப்பிவிட்டார் காரியஸ்தர்.

எங்கள் பக்கத்து வயல்களில் சில இடங்களில் உளை உண்டு. மேலே பார்த்தால் மற்ற சேறு மாதிரியே இருக்கும். கால் வைத்தால் இடுப்புவரை வாங்கும். பெரிய வயலில் வடகிழக்குப் பக்கம் அப்படி ஓர் உளை இருப்பது எனக்குத் தெரியும். பத்து வருஷம் அந்த வயலை உழுதவன் நான். ஒரு தடவைகூட அதில் இறங்கியதில்லை. அந்தத் தைரியத்தில் வண்டிக்குச் சேற்றில் ஓடுகிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை, கேஜ் வீலை, மாட்டி உள்ளே இறக்கினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. சேறு இரண்டு பக்கமும் பிளந்து வழிந்தது. பத்து ஏர் ஒரு நாள் உழுவதைப் பொழுது ஏறுவதற்குள் முடித்துவிடுவேன் போலிருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

ஆறாவது சுற்றில் இடதுபக்கச் சக்கரம் ஒரு சாண் இறங்கியது. ஏற்றிவிடலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சக்கரம் சுற்றச் சுற்றத் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. வண்டி சாய்ந்தது. நிறுத்துவதற்குள் அச்சுவரை போய்விட்டது.

இறங்கி நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பத்து வருஷமாக அந்த உளை இருக்கும் இடம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேனே, அது எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தது மயிலைக்கு. அந்த இடத்துக்குப் பத்தடி முன்னாலேயே அது நுகத்தைத் தள்ளி வலப்பக்கம் ஒதுங்கும், நானும் மேழியைத் திருப்புவேன். பத்து வருஷமும் அப்படித்தான். அந்த அறிவை விற்றுவிட்டு இரும்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஏர் ஓட்டிய எவனும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பான். முதலில் செய்தவன் நான்.

காரியஸ்தர் சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு ஓடிவந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபத்தில் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். அது இன்னும் மோசம்.

"நாத்து முத்துது. நாலு நாள் தாண்டுனா மாட்டுக்குத்தான் போடணும். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வண்டி மேல வரணும். வரலன்னா நாளைக்கழிச்சு ஒன் குடிசைய நீயே பிரிச்சுடு. நான் ஆளவிட்டுப் பிரிக்கிறது நல்லாருக்காது."

அன்று முழுதும் மண்வெட்டியால் தோண்டினேன். தோண்டத் தோண்டச் சேறு நிரம்பியது. வைக்கோல் கட்டுகளைப் போட்டு மிதித்தேன், விழுங்கிவிட்டது. அலுத்துப்போய் வரப்பில் ஏறி, கோயில் இருந்த திசையைப் பார்த்து நின்று வேண்டினேன். அதை வேண்டுதல் என்று சொல்ல முடியாது. சண்டை. 'நீ கொடுத்த வண்டிதானே? நீ கொடுத்த வேலைதானே? நாலு பிள்ளை என்று எத்தனை தடவை சொன்னேன்? எதற்காக இதில் கொண்டுவந்து இறக்கினாய்?' என்று கத்தினேன். ஒரு கொக்கு பறந்து போனது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், வண்டியைச் சுற்றி வந்தேன், மறுபடி தோண்டினேன். பொழுது சாய்ந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கடைசிப் பையன் மடியில் ஏறி என் காதில் காய்ந்திருந்த சேற்றைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரி என்ன நடந்தது என்று முழுசாகக் கேட்டாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பாயை விரித்தாள்.

"எப்புடித்தான் ஒனக்குத் தூக்கம் வருதோ" என்றேன்.

"நாளைக்கு வேல இருக்கே" என்றாள்.

என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

காலையில் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே பேசியதை மச்சான் பிறகு எத்தனையோ தடவை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"அண்ணே, வண்டியத் தூக்கணும். ஆளு வேணும்."

"மெஷினுக்கு எதுக்கும்மா ஆளு? ஆளே வேணாம்னுதான மெஷினு வாங்குனாங்க."

"மெஷினுக்குக் கேக்கல. எம்புள்ளைங்களுக்குக் கேக்குறேன். மாமன் நீங்க இருக்கீங்கல்ல."

அந்த ஒரு சொல்லுக்கு மேல் எங்கள் பக்கத்தில் எந்தத் தாய்மாமனாலும் நிற்க முடியாது. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வயலுக்கு வரும்போது பின்னால் பத்துப் பதினைந்து பேர். வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, ஒங்க ஆத்தா எங்க? மெக்கானிக் வேலையும் பாப்பாளா?"

"ஆள அனுப்பியிருக்கா மச்சான்."

"யாரு?"

"நீங்கதான்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மச்சானுக்கும் வாய் கோணியது, ஆனால் சிரிக்கவில்லை. அவர் கண் வண்டியின் மேல் இல்லை, நாற்றங்காலின் மேல் இருந்தது. நாற்று முற்றுகிறது என்பதைப் பார்த்தவுடனே, இன்றைக்கு மிராசுதார் இறங்கி வந்தே ஆக வேண்டும் என்ற கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. ஓர் ஆளைக் கூப்பிட்டு மிராசுதார் வீட்டுக்கு அனுப்பினார். பேச வரச் சொன்னதாகச் சொல்லு என்றார். எங்கள் தெருவிலிருந்து மிராசுதாரை வரச் சொல்லி ஆள் போனது அதுதான் முதல் தடவை.

மிராசுதார் குடையோடு வந்தார். முகம் சிவந்திருந்தது. காரியஸ்தர் பின்னால். பேச்சு வரப்பிலேயே நடந்தது. மச்சான், இனிமேல் டிராக்டரே வயலில் இறங்கக் கூடாது என்றார். மிராசுதார், வண்டி வாங்கியாயிற்று, இனி இறங்கத்தான் செய்யும் என்றார். அவர் ஒன்று, இவர் ஒன்று. குரல் ஏறியது. கைகலப்பில் முடிந்திருக்கும். போலீஸ் வரும், அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். என் குடிசையைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை. எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை. அப்போதுதான் நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய், முழங்கால்வரை சேற்றோடு, வாயைத் திறந்தேன்.

"ஐயா, இந்த வண்டியால என்ன முடியாதுன்னு ஒங்களுக்கும் தெரியாது, எங்க மச்சானுக்கும் தெரியாது. எனக்குத்தான் தெரியும். இது மூலைக்குப் போகாதுங்க. வரப்போரம் போகாது. வரப்பு அண்டை வெட்டாது, மேடு பள்ளம் செதுக்காது, நாத்துப் பறிக்காது, நடாது, அறுக்காது. நடுவயல மட்டும் கலக்கும். மிச்சத்துக்கெல்லாம் ஆளுதான் வேணும். அந்த ஆளு லாரியில வந்தா இந்த வயல்ல உளை எங்க இருக்குன்னு தெரியாதுங்க. என்னையே பாத்தீங்கல்ல."

மிராசுதார் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அப்ப என்னதான் சொல்ற?"

"நடு உழவு வண்டிக்கு. வரப்பு வேல, நடவு, களை, அறுப்பு எல்லாம் நம்ம தெருவுக்கு. வெளியாளு வேணாம்."

மச்சான் என்னை முறைத்தார். சங்கத்தில் பேசாமல் நானாகப் பேசிவிட்டேன் அல்லவா. ஆனால் அவர் புத்திசாலி. 'கூலியும் நாங்க கேட்டபடி' என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். மிராசுதார் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு, 'மொதல்ல வண்டிய எடுங்க' என்றார். 'மொதல்ல வார்த்த சொல்லுங்க' என்றார் மச்சான். சொன்னார். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி மிராசுதார் சொன்னார்.

இப்போது வண்டியை இழுக்கக் கயிறு வேண்டும். மாடு கட்டும் கயிறெல்லாம் நூல் மாதிரி. அந்த ஊரில் அந்தப் பாரத்தைத் தாங்கும் கயிறு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாரியம்மன் தேர் வடம். கோயிலில் சுருட்டி வைத்திருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் வெளியே வரும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் நினைத்தார்கள். பூசாரி கூட்டத்தில் இருந்தார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து அவரே சொன்னார்:

"சேத்துலயா? ஆத்தா வடத்தையா? எனக்கு அந்த அதிகாரம் இல்லப்பா."

அப்போது என் வீட்டுக்காரி வரப்பு ஓரத்திலிருந்து பூசாரியிடம் சொன்னாள். ஆம்பளைகள் கூட்டத்தில் அவள் அதற்கு முன்னால் பேசி நான் கேட்டதில்லை.

"சித்தப்பா, நாம இடுப்பு மட்டும் சேத்துல நிக்கிறோம். ஆத்தா மட்டும் காஞ்ச தரையில நிப்பாளா?"

பூசாரி என்னமோ முணுமுணுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது நாலு பேர் தோளில் வடம். கோயிலில் கற்பூரம் காட்டி உத்தரவு கேட்டுவிட்டுத்தான் எடுத்தாராம். 'கழுவி மஞ்சத் தண்ணி தெளிச்சுத் தரணும்' என்றார். சாமி இல்லை என்கிற மச்சான் அதைக் கையில் வாங்குமுன் செருப்பைக் கழற்றியதை நான் பார்த்தேன். அவர் இருந்தவரை கேட்டால், சேற்றில் இறங்கக் கழற்றினேன் என்றே சொல்வார். செருப்பைக் கழற்றியது வடத்தைத் தொடுவதற்கு. சேற்றில் இறங்கியது அப்புறம்.

பனந்துண்டுகளைச் சக்கரத்துக்கு முன்னால் அடுக்கினோம். வடத்தை முன் அச்சில் பூட்டினோம். தெருவே வந்துவிட்டது, பெண்களும் வடத்தைப் பிடித்தார்கள். முதல் இழுப்பு தோற்றது. பாதிப் பேர் சங்கக் கோஷத்துக்கு இழுத்தார்கள், பாதிப் பேர் 'ஆத்தா' என்ற சத்தத்துக்கு இழுத்தார்கள். ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் மூச்சு வாங்கினார். வண்டி அசையவில்லை, வடம்தான் முறுகியது.

எங்கள் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் நான். எங்கள் அப்பா போட்டார், அவருக்குப் பின் நான். தேர்ச் சக்கரம் எப்போது எழும்பும், எப்போது பின்வாங்கும் என்பது அந்தக் கட்டையைப் பிடித்தவனுக்குத்தான் தெரியும். "எந்தக் கோஷமும் வேணாம். என் சத்தத்துக்கு இழுங்க" என்று கத்தினேன். முட்டுக்கொடுக்க ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் மண்டியிட்டேன். சேறு மார்புக்கு வந்தது. மேலே அந்த இரும்பு. பின்வாங்கினால் நான் அடியில்.

இழு என்றேன். ஒரு விரற்கடை எழும்பியது. கட்டையைச் செருகினேன். நிறுத்து என்றேன். மறுபடியும் இழு. மறுபடியும் செருகினேன். ஒரு தடவை கட்டை வழுக்கி என் வலதுகைக் கட்டைவிரல் நகம் அப்படியே போனது. அப்போது தெரியவில்லை, சாயங்காலம்தான் தெரிந்தது. இப்படி எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பொழுது உச்சியிலிருந்து சாய்ந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த நேரம் முழுதும் நான் வேண்டிக்கொள்ளவில்லை. பிள்ளைகளை நினைக்கவில்லை, குடிசையை நினைக்கவில்லை. அத்தனை மாதத்தில் என் மனசு சும்மா இருந்தது அந்தச் சேற்றுக்குள்தான். கையை எடுப்பது என்று வீட்டுக்காரி சொன்னது இதைத்தானோ என்னமோ. என் இரண்டு கையும் கட்டையில் இருந்தன. பாரம் எப்போது என்னிடமிருந்து போனது என்று தெரியவில்லை.

கடைசி இழுப்பில் வண்டி பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு பனந்துண்டின் மேல் ஏறி நின்றது. இழுத்தவர்களில் பாதிப் பேர் பின்னால் சேற்றில் விழுந்தார்கள். மிராசுதாரின் வெள்ளை வேட்டியில் சேறு. அவர் துடைக்கவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் தெருப் பெண்கள் அந்த வயலில் நடவு நட்டார்கள். லாரி வரவில்லை. குடிசையை யாரும் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நெருப்பு வந்தது, குழம்பும் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த வார்த்தையை மிராசுதார் இரண்டு போகம் காப்பாற்றினார். அப்புறம் மறுபடி தகராறு, மறுபடி பேச்சு, கேஸ், எல்லாம் உண்டு. நானும் அன்று சாயங்காலமே பழையபடி ஆகிவிட்டேன். நன்றி சொல்லக் கோயிலுக்குப் போனவன், நாளைக்கு வேறு எதில் இறக்கப்போகிறாயோ என்றுதான் கேட்டேன். பிள்ளைகள் தலையெடுக்கிறவரை அந்தப் பயம் போகவில்லை. வேண்டுவதையும் விடவில்லை. நான் கேட்ட எதையும் அவள் நான் கேட்ட மாதிரி கொடுத்ததில்லை. ஆனால் ஒருநாளும் என் பிள்ளைகள் பட்டினியாகப் படுக்கவில்லை. அது அவள் கணக்கு. அதில் நான் கை வைக்கவில்லை.

ஆனால் என் கணக்கு ஒன்று இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் தேரன்று பூசாரியின் மகன் மைக்கைப் பிடித்து அந்தக் கதையைச் சொல்கிறான். ஆத்தா வடம் போய் டிராக்டரையே தூக்கியது என்கிறான். சங்கத்துக் கூட்டத்தில் அதே கதையை மக்கள் ஒற்றுமையின் வெற்றி என்கிறார்கள். மச்சான் செருப்பைக் கழற்றியதை அங்கே யாரும் சொல்வதில்லை. மிராசுதாரின் பேரன் என் பட்டறைக்கு வண்டி விட வரும்போது, 'எங்க தாத்தா அன்னைக்கு எவ்வளவு பெருந்தன்மையா நடந்துக்கிட்டாரு' என்கிறார். என் வீட்டுக்காரி இருந்தவரை பேரப்பிள்ளைகளுக்கு, 'ஆத்தா செஞ்சா' என்றே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். எல்லோர் கதையிலும் ஒரு டிரைவர் வருகிறான். வண்டியைச் சேற்றில் விட்டவன். அவ்வளவுதான் அவன் வேலை.

ஆத்தாள் செய்தாள் என்பதை நான் மறுக்கவில்லை. அவளைத் தவிர வேறு யாரும் அந்தக் கூட்டத்தை ஒரே வடத்தைப் பிடிக்க வைத்திருக்க முடியாது. சங்கம் இல்லாவிட்டால் வார்த்தை கிடைத்திருக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வண்டி இறங்கவில்லை என்றால் மிராசுதார் வரப்புக்கே வந்திருக்கமாட்டார். இறக்கியது நான். வண்டியால் முடியாதது என்ன என்று சொன்னது நான். இரும்புக்கு அடியில் தலையை வைத்துக் கட்டை போட்டது நான். தப்பும் என்னுடையது, மீட்டதிலும் என் பங்கு இருக்கிறது. தப்பை மட்டும் எழுதிவைத்துப் பங்கை விட்டுவிடுவது என்ன நியாயம்?

ஆகையால் கோயில் கமிட்டிக்கும் சங்கத்துக்கும் இதன் மூலம் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த தேருக்கு மைக்கில் அந்தக் கதையைச் சொல்லும்போது ஆத்தாளைச் சொல்லுங்கள், வடத்தைச் சொல்லுங்கள், இழுத்தவர்களைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, முட்டுக்கட்டை போட்டவன் இன்னான் என்று என் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாகச் சொல்ல வேண்டும். நான் முன்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.